எடுக்கக் கூடாத அழைப்பு

அந்த ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டியது கடைசிப் பக்கத்தை. அப்படிப் படிக்கக் கூடாது என்று வருடக்கணக்காக என் மாணவிகளுக்குச் சொல்லி வருகிறேன். கம்பம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். முடிவைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால், அந்த முடிவுக்கு ஒத்து வருவது மட்டும்தான் கண்ணில் படும். தெரிந்தும் புரட்டினேன். அதற்குள் என் மகள் இருந்தாள். பெயராக அல்ல, ஒரு குடும்ப எண்ணாக.

"கருவி நம்பகமாகச் செயல்படுகிறது" என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: "பெற்றோரின் அக்கறையின்மையே அதன் பயனைக் குறைக்கிறது."

முதல் வரியிலேயே மனது நிறைந்துபோனதால் இரண்டாவது வரியை நான் சரியாகப் படிக்கவில்லை.

மகளுக்கு எட்டாம் வகுப்பில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வரும் வகை அல்ல. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டாலோ, கூடுதலாக ஓடியாடிவிட்டாலோ சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், அப்புறம் மயக்கம். ஒரு மிட்டாயோ நாலு மடக்கு இனிப்புத் தண்ணீரோ போதும், சரியாகிவிடும். ஆனால் அதைக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும், கொடுக்க வேண்டும் என்று அந்த ஆளுக்குத் தெரிய வேண்டும்.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் அப்படி யாருக்கும் தெரியாமல் போனது. தேனியில் டியூசன் முடிந்து குமுளி பஸ்ஸில் ஏறியவள், சின்னமனூர் வரும் முன்பே சன்னலில் சாய்ந்துவிட்டாள். களைத்துப்போன பிள்ளை தூங்குகிறது என்று விட்டுவிட்டார்கள். பஸ் கம்பத்தைத் தாண்டியது. கூடலூரைத் தாண்டியது. லோயர் கேம்ப்பில் நின்றபோதுதான் கண்டக்டர் தோளைத் தட்டிப் பார்த்திருக்கிறார். அரை மயக்கம். டீக்கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். என் கணவருக்கு அங்கே மின் நிலையத்தில்தான் வேலை. கூட்டத்தில் யாரோ அவளை அடையாளம் கண்டு சொல்ல, அவர் ஷிப்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அந்த நேரமெல்லாம் நான் கம்பம் பஸ் நிலையத்தில் குடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். அவள் இருந்த பஸ் என் கண் முன்னால்தான் போயிருக்கிறது.

மகள் மறுநாளே எழுந்து இட்லி கேட்டாள். எனக்குத்தான் அது இன்னும் முடியவில்லை. இப்போதும் குமுளி பஸ் ஒன்று வேகமாகக் கடந்து போனால் சன்னல் சன்னலாக அவள் முகத்தைத் தேடுகிறேன். அவளைத் தனியாக எங்கும் விடுவதை நிறுத்தினேன். அவள் எண்ணிலிருந்து போன் வந்தால் முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிடுவேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆய்வுக் குழு எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. தேனிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, ஒரு குழந்தைகள் மருத்துவர், கணினித் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு பெண். பிள்ளையின் கையில் காசளவு சென்சார் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். அது சர்க்கரையைப் பிள்ளையின் செல்போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அளவு இறங்கினால் போன் கத்தும். பிள்ளை அதைத் தொட்டு அமர்த்தாவிட்டால், அந்தப் போனே தானாக அம்மாவையும் அப்பாவையும் அழைக்கும். எடுத்தால், பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறாள் என்று ஒரு குரல் சொல்லும். எடுக்காவிட்டால் சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை அழைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

இதே வியாதி உள்ள பிள்ளைகளின் குடும்பங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். நாங்களும் சேர்ந்தோம். மகள் சேர்ந்ததற்குக் காரணம் வேறு. அவளுக்குக் கோயம்புத்தூரில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க வேண்டும். விடுதியில் தங்க வேண்டும்.

"இந்த மிசினு நல்லா வேல செய்யுதுன்னு அவுக எழுதிக் கொடுத்துட்டா என்னய விடுவியா?" என்று கேட்டாள்.

"விடுறேன்," என்றேன்.

"அப்பா, நீங்கதான் சாட்சி."

"சாட்சி சொல்றதுல எனக்கொண்ணுமில்லத்தா," என்றார் அவர். "உங்கம்மா அப்பீல் போவாளே, அதுக்கு என்ன பண்ணுவ?"

ஆய்வு முடிந்து, அதை மதிப்பிட ஒரு குழு போட்டார்கள். மதுரையிலிருந்து ஒரு மூத்த பெண் மருத்துவர் தலைமை. மென்பொருள் தெரிந்தவர் ஒருவர். புள்ளியியல் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். என் மகளே அதில் இருக்கிறாள், நான் வருவது சரியில்லை என்று எழுதினேன். தலைவர் போனில் கூப்பிட்டார்.

"மதிப்பெண் நீங்க போட வேண்டாம். குடும்பங்களோட பக்கத்துல இருந்து கேள்வி கேக்க ஒருத்தர் வேணும். எண்ணும் தெரிஞ்சு, வீடும் தெரிஞ்சவங்க எனக்கு வேற யார் கிடைப்பாங்க?"

சரி என்றேன். அப்படித்தான் அறிக்கை என் கைக்கு வந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதை எட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்து முதல் வரியை விரலால் தடவினாள். அன்று சாயங்காலமே விடுதிக்கு என்னென்ன எடுத்துப் போவது என்ற பேச்சு ஆரம்பமாகிவிட்டது. கல்லூரி திறக்கச் சில வாரங்கள்தான் இருந்தன.

விளக்கக் கூட்டத்துக்குக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். கணவருக்குப் பகல் ஷிப்ட். நானும் மகளும் மட்டும் கம்பத்தில் பஸ் ஏறினோம். சன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் தன் அப்பாவுக்கு ஒரு மணி அடித்து நிறுத்தினாள். பஸ் ஏறியாச்சு என்று அர்த்தம். அவர் எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்.

பேச்சு எவ்வளவு நேரமும் இலவசம் என்றாகிவிட்ட பிறகும் எங்கள் பக்கத்தில் மிஸ்டு கால் சாகவில்லை. அதற்குக் காரணம் மலை. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் விடியலில் ஜீப் ஏறிக் கேரள எல்லையைத் தாண்டுகிறவர்கள் இங்கே தெருத்தெருவாக உண்டு. மேலே போனால் ரோமிங் என்றிருந்த நாள்களில் அழைத்தவருக்கும் காசு போகும், எடுத்தவருக்கும் காசு போகும். அதனால் போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி அடித்து நிறுத்துவார்கள். வீட்டில் பெயரைப் பார்த்துவிட்டு அடுப்பு வேலைக்குத் திரும்புவார்கள். ஒரு தடவை அடித்தால் நல்லபடியாக இருக்கிறேன். இரண்டு தடவை அடித்தால் பஸ் நிலையத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வா. தவறி எடுத்துவிட்டால் எதிர்ப்பக்கம் பதறிப்போகும்: "ஏன் எடுத்தீக? வீட்டுல என்னாச்சு?" ரோமிங் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. பழக்கம் அப்படியே இருக்கிறது. மலைக்கே போகாத வீடுகளிலும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அதைக் கெடுத்தவள் நான் ஒருத்திதான்.

"நீ மட்டும் எடுத்துருவ," என்றாள் மகள், போனைப் பைக்குள் வைத்தபடி. "நான் கட் பண்றதுக்குள்ள 'ஹலோ'ங்குற. கிளாஸ்ல எல்லாரும் சிரிக்குறாளுக."

கல்லூரிக் கூடத்தில் முன்வரிசையில் எங்களுக்கு மேசை போட்டிருந்தார்கள். பின்னால் குடும்பங்கள். உத்தமபாளையத்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் தன் மகனோடு வந்திருந்தார். ஆண்டிபட்டிப் பக்கம் மயிலாடும்பாறையிலிருந்து ஓர் அக்கா, வெள்ளாமை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய பெண்ணுக்கு என் மகளைவிடச் சின்ன வயது. மருத்துவமனை வரிசைகளில் பார்த்துப் பழகிய முகங்கள்தான் எல்லாம். வியாதி கொடுத்த சொந்தம்.

ஆய்வு செய்த பெண் மேடையேறினாள். வடுகபட்டிக்காரி. சென்னையில் படித்துவிட்டு வந்தவள். பேச்சு தெளிவாக இருந்தது. சென்சார் காட்டிய அளவும் ரத்தம் எடுத்துப் பார்த்த அளவும் எப்படி ஒத்துப்போயின என்று காட்டினாள். போன் கத்த வேண்டிய நேரத்தில் கத்தியதைக் காட்டினாள். அழைப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைக் காட்டினாள். மென்பொருள்காரர் குறுக்கே குறுக்கே கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். நல்ல வேலை. நான் பார்த்த பல ஆய்வுகளைவிட நேர்மையான வேலை. திரும்பிப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

அடுத்து வந்தது பெற்றோர் பற்றிய படம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு பட்டைகள். ஒன்று அம்மா, ஒன்று அப்பா. அழைப்பை எடுத்தவர்களின் பட்டை உயரம், எடுக்காதவர்களின் பட்டை குட்டை. திரை முழுவதும் குட்டைப் பட்டைகளாகத் தெரிந்தது. நடுவில் ஒன்று மட்டும் கோயில் கொடிமரம் மாதிரி நின்றது.

"இந்தத் தாய் ஒரு அழைப்பைக்கூடத் தவறவிடல," என்றாள் அந்தப் பெண். பெயர் சொல்லவில்லை, ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அதே வீட்டுல தகப்பனாரோட பட்டையப் பாருங்க. ஒண்ணுகூட எடுக்கல. அக்கறை வீட்டுக்கு வீடு மட்டுமில்ல, ஆளுக்கு ஆளும் மாறுது. அதனால பெற்றோருக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்தணும்னு பரிந்துரை பண்றோம்."

"ஆம்பளைக அம்புட்டுப் பேரும் அப்படித்தான் தாயி," என்று மயிலாடும்பாறை அக்கா பின்னாலிருந்து சொன்னார். கூடம் சிரித்தது. அவருடைய பட்டையும் குட்டைதான். அது அவருக்குத் தெரியாது.

நான் அந்தக் குட்டைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லோயர் கேம்ப்பில் மகளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடியவர் அவர். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவர், நான் பார்ப்பது தெரிந்தால் கொசு அடிப்பதுபோலப் பாவனை செய்வார். அவருக்கு அக்கறை இல்லையென்று ஓர் எண் சொன்னால், தப்பு எண்ணில் இருக்கிறது.

பஸ்ஸில் மகள் அடித்து நிறுத்திய மணி அப்போது ஞாபகம் வந்தது.

கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அறிக்கை திரும்பிப் போகும். கல்லூரி திறக்கும் முன் இன்னொரு அறிக்கை வருமா, யார் கண்டது? நான் கொடுத்த வாக்கு அந்த அறிக்கையின் மேல் நின்றது. இதைவிட மோசமான ஒன்றும் எனக்குள் இருந்தது: அவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்று ஒரு மூலையில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தால்தான் கேட்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

"உங்களுக்கு ஏதாவது கேள்வி?" என்றார் தலைவர்.

"அழைப்பு வரும்போது எங்க போன்ல என்ன பேர் தெரியும்?" என்றேன்.

"பிள்ளையோட பேர்தான் மேடம். புது நம்பர்னா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு யோசிச்சுத்தான் அப்படி வச்சோம். பிள்ளை பேரப் பாத்தா உடனே எடுப்பாங்கல்ல?"

பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம். தார்ப்பாய்க் கடை பாய் எழுந்து நின்றிருந்தார்.

"யாரும்மா எடுப்பா?" என்றார். "புள்ள பேரு வந்தா எடுக்க மாட்டோம்லம்மா! நல்லா இருக்கேன்னுதான அர்த்தம்?"

"அதான," என்றார் மயிலாடும்பாறை அக்கா. "எம்மவ பேரு வந்துச்சுன்னா பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டான்னு நெனச்சு நான் களையெடுக்கப் போயிருவேன்."

பாய் தன் மகனைப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மாறியது. "ரெண்டு தடவ அடிச்சுச்சே ஒரு நா," என்றார். இப்போது அவர் எங்களிடம் பேசவில்லை. "நான் வண்டிய எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ரொம்ப நேரம் நின்னேன். இவன் வரல. வெளையாடுறியாடான்னு வீட்டுல வச்சு இவன வஞ்சேன். அன்னைக்குத்தானாடா?"

பையன் தலையாட்டினான். "டியூசன்ல படுத்துக் கெடந்தேன்த்தா. கூட இருந்தவன் கடல மிட்டாயி கொடுத்தான்."

பாய் உட்கார்ந்தார். மகனின் பின்னங்கழுத்தில் கையை வைத்தவர், கூட்டம் முடியும் வரை எடுக்கவில்லை.

மேடையில் நின்ற பெண் திரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குட்டைப் பட்டைகள் எல்லாம் அங்கேயே இருந்தன. நான் மைக்கை இழுத்துக்கொண்டேன்.

"அந்த உயரமான பட்டை நான்தான். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அது அக்கறை இல்லம்மா, பயம். நான் மிஸ்டு காலையும் எடுத்துருவேன், என் மகளைக் கேளுங்க. எங்க வீட்டுல சரியா நடந்துக்கிட்டது அவ அப்பாதான். என்னை வச்சு இந்தக் கருவி வேலை செய்யுதுன்னு முடிவு பண்ணாதீங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மதுரைக்காரர், மிஸ்டு காலின் இந்தக் கணக்கு அவருக்குப் புதிது. "சென்சார் சரி, போன் சரி. வீட்டுக்குள்ள போற கடைசி இடத்துல நிக்குது. அந்த அக்கறையின்மை வரிய எடுத்துருங்கம்மா. அழைப்ப மாத்துங்க. மறுபடி இதே குடும்பங்கள்ட்ட பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெளியே டீயும் உளுந்த வடையும் வைத்திருந்தார்கள். மகள் என் பக்கத்தில் வராமல் வேப்பமரத்தடியில் நின்றாள். நான் போனேன்.

"எல்லாம் நல்லாத்தான போயிட்டு இருந்துச்சு," என்றாள். "கேக்காம இருந்திருக்கலாம்ல?"

"கேக்காம இருந்தா அப்பா பேரு அக்கறையில்லாதவர்னு இருக்கும்."

"அதுக்காகவா கேட்ட? என்னய விடக் கூடாதுன்னு கேட்டியா?"

"கோயம்புத்தூர்ல நீ மயங்குனா அப்பா போன் அடிக்கும், அவரு 'நல்லா இருக்கா'ன்னு நெனச்சுட்டு டீ குடிப்பாரு. அதுக்காகக் கேட்டேன்," என்றேன். "மத்தது என்னன்னு எனக்கே தெரியல."

அவள் டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அதற்குள் அந்த ஆய்வுப் பெண் எங்களைத் தேடி வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மேடம், வடுகபட்டில எங்கப்பா என் போன எடுத்ததே இல்ல," என்றாள். "ஹாஸ்டலுக்குப் போனதும் ஒரு ரிங் விடுவேன். அவரு பாத்துட்டு வச்சுருவாரு. இத்தன வருசம் அப்படித்தான். எனக்கு ஏன் இது தோணவே இல்ல?"

"இங்க வந்து அவ்வளவு எண்களப் பாத்தா வீடு மறந்துரும்," என்றேன். "எனக்கும் இன்னைக்குப் பஸ்லதான் கிடைச்சுச்சு."

"அப்ப என்ன பேர்ல வரணும்? என்ன சத்தம் வைக்கணும்?" அவள் ஏற்கனவே வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

"தேனி பிரைவேட் பஸ் ஹாரன வைங்கக்கா," என்றாள் மகள். கோபம் இன்னும் குரலில் இருந்தது, ஆனால் சொல்லிவிட்டாள். "பி... ப்பி... ப்பீன்னு. அதக் கேட்டா செத்தவுக கூட ஒதுங்கி நிப்பாக."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆனால் அதையே வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாள்களில் அவள் பஸ் பிடித்து வீடு வீடாக வந்தாள். அவசர அழைப்புக்குத் தனிப் பெயர் வைத்தாள். பிள்ளையின் பெயர் அதில் கிடையாது. ஹாரன் சத்தம் யாராவது ஒருவர் எடுக்கும் வரை நிற்காது. மூன்றாவதாகப் பிள்ளையின் பக்கத்தில் இருக்கும் ஒருவருடைய எண்ணையும் சேர்க்கச் சொன்னாள். தோழி, டியூசன் வாத்தியார், யாராவது. மயிலாடும்பாறை அக்கா, "மருந்தடிக்கிற மிசினு சத்தத்துல காதுல விழாதும்மா, உதறவும் செய்யட்டும்" என்று சொல்லி அனுப்ப, போன் அதிரும்படியும் செய்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து முதல் சோதனை அழைப்பை விட்டபோது என் கணவர் லோயர் கேம்ப்பில் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தாராம். சட்டைப் பைக்குள் ஹாரன் அலறியதும் இருவருமே பாதையை விட்டு ஒதுங்கியிருக்கிறார்கள்.

"ஆத்தா, எங்கன இருக்க? என்ன பண்ணுது?" என்று கத்தியபடிதான் எடுத்தார்.

"சும்மா டெஸ்ட்டுப்பா."

"டெஸ்ட்டா? என் சோலிய முடிச்சுட்டு அப்புறம் சோதிங்கத்தா," என்றவர், கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இன்னொரு தடவ அடி, சரியா கேக்குதான்னு பாப்போம்," என்றார்.

உண்மையான அழைப்பு ஒரு மத்தியானம் வந்தது. மகள் கூடலூரில் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நானே அனுப்பிவைத்தேன், போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு. அங்கே திராட்சைத் தோட்டத்தில் வெயிலில் சுற்றியிருக்கிறார்கள். நான் தேர்வு அறையில் மேற்பார்வை. போன் அலுவலக அலமாரிக்குள் இருந்தது. வெளியே வந்து அதை எடுத்துப் பார்த்தபோது அவசர அழைப்பு வந்து நின்றிருந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே கணவர் எடுத்திருந்தார். குரல் சொன்ன இடத்தைக் கேட்டு, தோழியை அழைத்து, பந்தல் நிழலில் உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, வண்டியில் கிளம்பியும் போய்விட்டார். நான் அழைத்தபோது மகளே பேசினாள். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"அப்பா வந்துட்டாக. நீ வராத. ஓடி வந்து நீ விழுந்துராத."

அலமாரியைச் சாத்தினேன். நான் இல்லாமல் அது நடந்து முடிந்திருந்தது. பயத்தோடு காத்திருக்கும் ஆள் ஒருத்தி இல்லாமலே.

திருத்திய அறிக்கை முழுதாக முடியவில்லை. தலைவர் இன்னும் சில மாதம் பார்க்க வேண்டும் என்றார், அது சரிதான், நானும் அதையே எழுதினேன். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் கணவரும் மகளும் இருக்கும்போது நானே ஆரம்பித்தேன்.

"விடுதிக்குப் பணம் கட்டிருவோம்."

மகள் என்னை நம்பாமல் பார்த்தாள். "அறிக்க வரலயே?"

"வரும்போது வரட்டும்."

"அப்பீல வாபஸ் வாங்கிட்டா போல," என்றார் கணவர்.

மகள் ஒரு நிபந்தனை போட்டாள். அவசர அழைப்பு வேறு, அவள் அடிக்கும் மணி வேறு. அவள் பெயர் வந்தால் நான் எடுக்கக் கூடாது. பேச வேண்டுமென்றால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவளே பேசுவாள்.

கோயம்புத்தூரில் அவளை விட்டுவிட்டு வந்தோம். அறைத்தோழி ஈரோட்டுப் பக்கத்துப் பெண். ஹாரன் சத்தத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், ஆனால் மிட்டாய் டப்பாவைத் தன் மேசையின் மேலேயே எடுத்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் படியிறங்கினேன்.

வகுப்பு தொடங்கிய முதல் நாள் காலையில் நானும் கணவரும் கம்பத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் லோயர் கேம்ப் போக வேண்டும், நான் கல்லூரிக்கு. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் கடைசி ஜீப்புகள் கிளம்பிக்கொண்டிருந்தன. குமுளி பஸ் ஒன்று உறுமியபடி நின்றது. மேசையில் வைத்திருந்த என் போன் அடித்தது.

மகளின் பெயர்.

கை தானாகப் போய்விட்டது. விரல் நுனி கண்ணாடியைத் தொடும் இடத்தில் நின்றது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கணவர் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் ஒரு மணி அடிக்கும் என்றே எனக்குத் தெரியாது. நான்தான் ஒருநாளும் அதை முழுதாகக் கேட்டதில்லையே.

நின்றது.

அடுத்த நொடி அவருடைய சட்டைப் பையில் அடித்தது. அவர் எடுத்துப் பெயரைப் பார்த்தார், பையிலேயே திரும்பப் போட்டார்.

"கிளாசுக்குப் போயிட்டா," என்றார். "டீ ஆறுது, குடி."